ஸ்பைன் கழுத்துக்கு 50 மெகா ஓமா, 500 மெகா ஓமா?

கேள்வி: எம்.இ. பயோமெடிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். மூளை நியூரானின் (நரம்பணுவின்) கிளைதான் டென்ட்ரைட். அதில் தலையும் மெல்லிய கழுத்துமாக முளைத்திருக்கும் சிறு மொட்டு ஸ்பைன். அந்த ஸ்பைனில் மின்னோட்டம் எப்படிப் பாய்கிறது என்பதுதான் என் ப்ராஜெக்ட். ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கிய கோடிங்கில் ஸ்பைன் கழுத்தின் மின்தடை 500 மெகா ஓம் என்று இருக்கிறது. கைடு 50-க்கு மேல் போடாதே என்கிறார். அடுத்த மாதம் ரிவ்யூ. எதைப் போடுவது?
– ஒரு மாணவி, கோவை

பதில்: இரண்டு எண்ணுக்கும் ஆதாரம் உண்டு. கைடு சொல்வது 1996-இல் ஸ்வோபோடா, டேங்க், டெங்க் மூவரும் எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் செய்த ஆய்வு. ஒளிரும் சாயம் ஸ்பைன் தலைக்கும் டென்ட்ரைட்டுக்கும் இடையே பரவிச் சமமாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். தடை பெரும்பாலும் 4 முதல் 50 மெகா ஓம், 150-ஐத் தாண்ட வாய்ப்பு குறைவு என்றார்கள். சென்டர்காரரின் 500 என்பது 2012-இல் ஹார்னெட், மகீ குழுவினர் சொன்னது. அதே எலி, மூளையில் அதே பகுதி. அவர்கள் டென்ட்ரைட்டிலேயே மின்முனை வைத்து அளந்தார்கள்.

பத்து மடங்கு வித்தியாசம் எப்படி வந்தது? கழுத்தின் விட்டம் 0.1 மைக்ரோமீட்டர் அளவுதான். சாதாரண ஒளி நுண்ணோக்கி 0.2-க்குக் கீழே பிரித்துக் காட்டாது. ஆகவே பல வருடங்களுக்குச் சுற்றுவழியாகத்தான் அளக்க முடிந்தது. விட்டம் பாதியானால் தடை நான்கு மடங்காகும் என்பதால் சிறு பிழைகூட விடையைப் புரட்டிவிடும்.

நீங்களே போட்டுப் பாருங்கள். சைட்டோபிளாசத்தின் (செல்லை நிரப்பியிருக்கும் கூழின்) மின்தடைத்திறன் 150 ஓம் சென்டிமீட்டர், கழுத்தின் நீளம் 1 மைக்ரோமீட்டர், விட்டம் 0.1 என்று வைத்தால் தடை சுமார் 190 மெகா ஓம் வரும். விட்டத்தை மட்டும் 0.2 ஆக்கினால் 48. அதனால் கழுத்துக்கு ஒரே எண்ணைக் கேட்காதீர்கள். உங்கள் மாடலில் நீளமும் விட்டமும் என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள், தடை தானாக வரும்.

இப்போது அந்த கோடிங்கைத் திறந்து பாருங்கள். அது நியூரான் (NEURON) என்ற பெயருள்ள மென்பொருளில் எழுதியதாக இருந்தால், புதிதாக உருவாக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் மென்பொருள் தானாக 35.4 ஓம் சென்டிமீட்டர் என்று மின்தடைத்திறனை வைத்துக்கொள்ளும். மாற்ற மறந்தால் மேலே சொன்ன 190 மெகா ஓம் கழுத்து சத்தமில்லாமல் 45 ஆகிவிடும். திரையில் எந்தப் பிழைச்செய்தியும் வராது. தலைப்பில் 500 என்று எழுதியிருக்கும், உள்ளே ஓடுவது வேறாக இருக்கும். சென்டரில் கேட்டால், 'ரன் ஆகுதில்ல?' என்பார்கள்.

நியூரான் மென்பொருள் இலவசம். ஆய்விதழ்களில் வந்த மாடல்களின் கோடிங் மாடல்டிபி தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அப்படிக் கிடைப்பதைத்தான் பெயர் மாற்றி விற்கிறார்கள் இந்த இடைத்தரகர்கள். அதே கோடிங் உங்கள் வகுப்பில் இன்னொருவர் கையிலும் இருக்கலாம். 'பேப்பரும் போட்டுத் தருகிறோம்' என்று இன்னொரு கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு வாரத்தில் எதையும் அச்சிடும் இதழில் உங்கள் பெயர் வந்தால் பிற்பாடு உங்களுக்குத்தான் சங்கடம். மாணவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? பேப்பர் கேட்கிற கல்லூரிகள், படிக்க வேண்டிய ஆய்விதழுக்குச் சந்தா கட்டுவதில்லை. ஒரு கைடுக்கு எத்தனை மாணவர்கள் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சென்டர்கள் பிழைப்பது இதனால்தான்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். சில ஸ்பைன்களின் கழுத்துக்குள் எண்டோபிளாச வலை என்ற, செல்லுக்குள் இருக்கும் சவ்வு அமைப்பின் குழாய் ஒன்று நுழைந்திருக்கும். கழுத்தில் ஓடும் மின்னோட்டத்துக்கு அது வழியாகப் பயன்படாது, இடத்தை மட்டும் அடைக்கும். குறுக்குப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கை அடைத்தால் தடை ஒன்றரை மடங்காகும். ஹிப்போகாம்பஸில் பெரும்பாலான ஸ்பைன்களில் இது கிடையாது, பெரிய காளான் வடிவ ஸ்பைன்களில்தான் அதிகம். சிறுமூளையின் பர்கின்ஜி நியூரானிலோ ஏறக்குறைய எல்லா ஸ்பைனிலும் உண்டு. நீங்கள் எடுத்தது எந்த நியூரான் என்று கேள்வியில் எழுதவில்லை. பர்கின்ஜி என்றால் அந்தக் குழாய் அடைக்கும் பரப்பைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். கோடிங்கில் கழுத்து ஒரே உருளையாகத்தான் இருக்கும், குழாயைத் தனியாக வரைய வேண்டாம். கழித்தது போக மிஞ்சும் பரப்புக்கு என்ன விட்டம் வருமோ அதைக் கொடுத்தால் போதும்.

அப்புறம், அறிக்கையில் பலரும் எழுதும் ஒரு தவறு. ஸ்பைனுக்கு 20 பிகோ ஆம்பியர் வந்தால் 500 மெகா ஓம் கழுத்தின் இரு முனைக்கும் இடையே 10 மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். 50 என்றால் 1 மில்லிவோல்ட்தான். இதைப் பார்த்துவிட்டு, கழுத்தில் மின்னோட்டம் வீணாகிறது என்று எழுதுகிறார்கள். வீணாவதில்லை. ஸ்பைனின் சவ்வு மிகச் சிறியது, கசிய வழியே இல்லை. வந்த மின்னோட்டம் ஏறக்குறைய முழுவதும் டென்ட்ரைட்டுக்குப் போய்விடும். உயர்வது ஸ்பைன் தலையின் மின்னழுத்தம். மறுதிசையில், டென்ட்ரைட்டில் எழும் அழுத்தம் குறையாமல் ஸ்பைனுக்குள் வந்துவிடும்.

ரிவ்யூவுக்கு 50, 190, 500 மூன்றையும் வைத்து ஓட்டுங்கள். ஸ்பைன் தலையின் அழுத்தத்தையும் டென்ட்ரைட்டின் அழுத்தத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் நீளம், விட்டம், மின்தடைத்திறன் மூன்றையும் எழுதிவிடுங்கள். கைடிடம் ரிவ்யூவுக்கு முன்பே காட்டுங்கள். அவர் சொன்ன 50-ம் அதில் இருப்பதால் பேச்சு சண்டையாகாது.