கோன்யாக் பீப்பாய் ஸ்காட்ச்: கேட்டார்கள், சொன்னேன்

கேள்வி: அண்ணா, பிராந்தி பீப்பாய் விஸ்கி என்றால் இரண்டையும் கலந்து விற்கிறார்களா?

பதில்: கலந்தால் அதை ஸ்காட்ச் என்றே விற்க முடியாது தம்பி. தண்ணீரும் நிறத்துக்குக் கேரமலும் தவிர எதையும் சேர்க்க ஸ்காட்ச் சட்டம் விடாது. விஸ்கி முதலில் பல வருடம், பெரும்பாலும் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறும். அப்புறம் பிராந்தியை இறக்கிய பீப்பாய்க்கு மாற்றிச் சில மாதமோ ஓரிரு வருடமோ வைப்பார்கள்; இதைத்தான் பினிஷ் என்பார்கள். மரம் குடித்து வைத்திருக்கும் பிராந்தி மெல்ல விஸ்கிக்குள் இறங்கும். அவ்வளவுதான்.

கேள்வி: நம்ம ஊர் பிராந்தி வாடை அடிக்குமா?

பதில்: பயப்படாதீர்கள். நம் கடைகளில் விற்கும் பிராந்தியில் பெரும்பாலும் மொலாசஸிலிருந்து (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) வடித்த சாராயம்தான் அதிகம். பிரான்சின் கோன்யாக் பகுதியில் செய்யும் பிராந்தியான கோன்யாக் அப்படியல்ல. திராட்சை ஒயினைச் செம்புக் கலத்தில் இரண்டு முறை வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 2 வருடம் வைப்பார்கள். அந்தப் பீப்பாயிலிருந்து உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், தேன், லேசான மசாலா வாசனை வரும்.

கேள்வி: 15 வருட கிளென்லிவெட் ஸ்காட்ச் பாட்டிலில் ‘பிரெஞ்சு ஓக்’ என்று போட்டிருக்கிறதே, அதுவும் இதுதானே?

பதில்: இல்லை. அது பிரான்சின் லிமூசின் ஓக்கில் செய்த புதுப் பீப்பாய். விஷயம் மரத்தில்தான், பிராந்தியில் இல்லை. கோன்யாக்தான் வேண்டுமென்றால் அதே ஆலை 2018-இல் இறக்கிய கேப்டன்ஸ் ரிசர்வ் பாருங்கள்.

கேள்வி: ஸ்பெயின் பிராந்தி பீப்பாய் எப்படி சார்?

பதில்: ஸ்பெயினின் ஹெரெஸ் ஊர் பிராந்தி ஊறுவதே பெரும்பாலும் ஷெர்ரி என்ற அந்த ஊர் ஒயின் இருந்த பீப்பாயில். அதனால் அதில் முடித்த விஸ்கியும் ஷெர்ரி பக்கம் சாயும். ஷெர்ரி பிடிக்காதவர்கள் தள்ளியே இருங்கள்.

கேள்வி: எந்தப் பழ பிராந்தி பீப்பாயும் ஆகுமா?

பதில்: 2019-இல் ஸ்காட்ச் பீப்பாய் விதியைத் தளர்த்தினார்கள். ஆப்பிளில் வடிக்கும் கால்வடோஸின் பீப்பாய் ஆகும். பிளம், செர்ரி மாதிரி நடுவில் கெட்டியான கொட்டையுள்ள பழங்களின் பிராந்தி இருந்தது ஆகாது. எதுவானாலும் ஓக் மரமாக இருக்க வேண்டும்.

கேள்வி: பணம் பிரச்சினை இல்லை, எதை வாங்கலாம்?

பதில்: கிளென்பிடிக் கிராண்ட் குரோன். 26 வருடத்தில் கடைசி 2 வருடம் கோன்யாக் பீப்பாயில். விலையைக் கேட்டால் குடிக்காமலே தலை சுற்றும். பணம் பிரச்சினை உள்ளவர்களுக்கு என் யோசனை: புகை வாடை தூக்கலான மால்ட்டில் (முளைகட்டிய பார்லியில் செய்த விஸ்கி) இந்தப் பினிஷைத் தேடாதீர்கள், புகை அதை அமுக்கிவிடும். ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பக்கத்து மென்மையான மால்ட்டாகப் பார்த்து, அட்டையில் எத்தனை மாதம் பினிஷ் என்று போட்டிருக்கிறதா எனப் படித்துவிட்டு வாங்குங்கள். எதுவுமே போடாமல் ‘கோன்யாக்’ என்று மட்டும் பெரிதாக அச்சடித்திருந்தால், முதலில் ஒரு பெக் சுவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.