மிர்காலுக்கு ஏன் திரும்பத் திரும்பப் புண்?

கேள்வி: ஆம்பூருக்கு அருகே பாலாற்றை ஒட்டி அரை ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். ஐப்பசி மழையில் வாய்க்கால் தண்ணீர் உள்ளே வந்த இரண்டு வாரத்தில் மீன்களுக்குச் செம்புண் வருகிறது, முதலில் மிர்காலுக்கு. தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலந்தால் அடங்குகிறது, அடுத்த மாதம் திரும்பிவிடுகிறது. தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீர்தான் காரணமா?

பதில்: சந்தேகப்பட இடமிருக்கிறது. ஆனால் புண்ணை உண்டாக்குவது கழிவுநீர் அல்ல. பெரும்பாலும் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா. நல்ல குளத்திலும் அது இருக்கும், திடமான மீனை ஒன்றும் செய்யாது. உங்கள் மீன் ஏன் அதற்கு இடம் கொடுத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மீனைக் கையில் எடுத்தால் வழுக்குகிறதல்லவா, அந்தக் கொழகொழப்புதான் முதல் காவல். அதிலுள்ள லைசோசைம் என்ற நொதி பாக்டீரியாவின் சுவரையே கரைக்கும். மாசுபட்ட நீரில் இந்தப் படலம் கெடுகிறது. உள்ளே நடப்பது அதைவிட மோசம். மீனுக்கு எலும்பு மஜ்ஜை கிடையாது. தலையை ஒட்டி முதுகெலும்புக்குக் கீழே கருஞ்சிவப்பாக இருக்கும் முன்சிறுநீரகத்தில்தான் இரத்த அணுக்களும் நோய் எதிர்ப்பு அணுக்களும் உருவாகின்றன. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் போன்ற உலோகங்கள் அதிகம் தங்குவதும் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் செவுளிலும்தான். படைவீட்டிலேயே குப்பையைக் கொட்டினால் படை எப்படித் தேறும்? ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும். இந்தப் படையை மீட்டுத் தராது.

மிர்கால் முதலில் விழுவதற்கும் காரணம் இருக்கிறது. அது தரையைக் கிளறி மேய்கிற மீன். குரோமியமும் வண்டலில்தான் படிகிறது.

ஆனாலும் ஆலையின் மீது பழியைப் போட்டுவிட்டுத் தீவனமாகத் தவிட்டை அள்ளிக் கொட்டிய குளங்களையும் பார்த்திருக்கிறேன். விடியற்காலை 5 மணிக்குக் கரையில் நின்று பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் ஆக்சிஜன் குறைவு. அதுவே எதிர்ப்புச் சக்தியைக் குலைத்துவிடும். தீவனத்தை உடனே குறையுங்கள்.

மழைத் தொடக்கத்தில் மதகை அடைத்துவிடுங்கள். வாய்க்காலில் பல மாதம் தேங்கிய சேறு அந்த வெள்ளத்தில்தான் அடித்துக்கொண்டு வரும். வாய்க்கால் நீர், குளத்து நீர், அடிவண்டல் மூன்றையும் சோதனைக்குக் கொடுங்கள். வண்டலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். குரோமியம், மொத்தக் கரைந்த உப்பு, அம்மோனியா, பி.எச். (நீரின் அமில-காரத் தன்மை) நான்கையும் கேளுங்கள். மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது ஆலை வெளியேற்றும் கழிவுநீருக்கான வரம்பு. மீன் குளத்துக்கு அது பாதுகாப்பான அளவு அல்ல, ஆகவே 'வரம்புக்குள் இருக்கிறது' என்ற பதிலில் நிம்மதி அடைய வேண்டாம்.

சுண்ணாம்பு தூவ அவசரப்படாதீர்கள். அம்மோனியா கூடியிருக்கும்போது சுண்ணாம்பால் பி.எச். ஏறினால் அதன் நச்சுத்தன்மையும் ஏறும்.

புண்பட்ட மீனை விற்காதீர்கள். மற்றவற்றையும் சோதனை முடிவு வரும்வரை நிறுத்தி வையுங்கள். ஆழ்துளைக் கிணற்றுக்கு மாற நினைத்தால் அந்த நீரையும் சோதியுங்கள். வேலூர்ப் பகுதியில் தோல் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது.