டோசர்காரனிடம் கேளுங்கள்: காட்டுத்தீயும் கனரக வண்டிகளும்

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் கை பழகியவன் நான். இப்போது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பாலரட் பக்கம், சொந்தமாக ஒரு டி6 புல்டோசர் ஓட்டுகிறேன். குளிர்காலத்தில் பண்ணைக் குட்டை, பாதை வேலை. கோடையில் கூப்பிட்டால் தீ வேலை. கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோவை வாசகர்: புல்டோசரை வைத்துத் தீயை எப்படி அணைக்கிறீர்கள்?

அணைப்பதில்லை. இதை முதலில் மனதில் போட்டுக்கொண்டால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும்.

தீக்குத் தீனி காய்ந்த இலை, பட்டை, சுள்ளி, புல். அதையெல்லாம் வழித்தெடுத்து வெறும் மண் தெரிய ஒரு கோடு போடுவதுதான் டோசரின் வேலை. நம் ஊர் வனத்துறை கோடைக்கு முன்பு ஆள் வைத்துச் செதுக்கும் தீத்தடுப்புக் கோடு இருக்கிறதே, அதே சங்கதிதான். இங்கே தீ வந்த பிறகு, அவசரத்தில், 20 டன் இரும்பை வைத்துச் செய்கிறோம்.

தீக்குத் தலை, விலா, வால் உண்டு. காற்று தள்ளும் பக்கம் தலை. வேலையை வாலில் தொடங்க வேண்டும். ரோடு, குட்டைக்கரை, ஏற்கெனவே எரிந்து கருகிய தரை, இப்படித் தீ திரும்பி வர முடியாத ஓர் இடத்தில் முளை அடித்துக்கொண்டு, விலாவை ஒட்டியே முன்னேறுவோம். ஒருவர் முன்னால் நடந்து மரங்களில் ரிப்பன் கட்டி வழி குறிப்பார். அவர் பார்வையில் இல்லையென்றால் நான் வண்டியை நகர்த்த மாட்டேன். வழித்த குப்பையைத் தீ இல்லாத வெளிப்பக்கம் ஒதுக்க வேண்டும். உள்பக்கம் குவித்தால் அது கோட்டின் ஓரத்திலேயே பற்றி, நாள் கணக்கில் கனன்று பொறி தெறிக்கும். பின்னால் தண்ணீர் லாரி வரும். அதிலுள்ளவர்கள் கோட்டிலிருந்து தீயை நோக்கி எதிர்த்தீ வைத்து, நடுவில் இருக்கும் தீனியை எரித்து முடிப்பார்கள். அப்புறம் அந்த ஓரத்தை ஆட்கள் நடந்து நடந்து காவல் காக்க வேண்டும். இதெல்லாம் நடந்தால்தான் அது கோடு. இல்லாவிட்டால் காட்டுக்குள் ஒரு மண் பாதை, அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை: தீயின் தலைக்கு முன்னால் போய்க் கோடு போடாதீர்கள்.

சென்னை வாசகர்: கோடு எத்தனை அடி அகலம் இருந்தால் தீ தாண்டாது?

அப்படி ஒரு எண் கிடையாது. மேய்ச்சல் நிலத்தில் கட்டைப்புல், லேசான காற்று என்றால் ஒரு பிளேடு அகலம், பத்துப் பன்னிரண்டு அடி, போதும். யூகலிப்டஸ் காட்டில் கதை வேறு. அந்த மரங்களின் பட்டை நீளநீளமாக உரிந்து, எரிந்துகொண்டே காற்றில் பறக்கும். 2009 பிப்ரவரி 7, இங்கே கருப்புச் சனிக்கிழமை என்பார்கள், 173 பேர் இறந்த நாள். அன்று 30 கிலோமீட்டருக்கும் அப்பால் பொறி விழுந்து புதுத் தீ பிடித்தது. அதற்கு எத்தனை அடி வெட்டுவீர்கள்?

மெல்பர்ன் வாசகர்: வடக்கே 12 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். டிராக்டரும் பிளேடும் இருக்கின்றன. தீ வந்தால் நானே கோடு போட்டுக்கொள்ளலாமா அண்ணா?

தம்பி, வேண்டாம். சாதாரண டிராக்டரின் டயர் ரப்பர், ஹைட்ராலிக் குழாய் ரப்பர். கேபின் கண்ணாடிக்குத் தீத்திரை கிடையாது. என் வண்டியில் மரம் விழுந்தால் தாங்கும் கூண்டு இருக்கிறது, கண்ணாடிக்கு உள்ளே இழுத்துவிடும் திரை இருக்கிறது, ரேடியோவில் கூப்பிட்டால் பின்னால் தண்ணீர் லாரி இருக்கிறது. இத்தனை இருந்தும் எனக்குப் பயம் இருக்கிறது.

உங்கள் டிராக்டருக்கு வேலை அக்டோபர், நவம்பரில். புல் முற்றிக் காய்வதற்கு முன்பே வீட்டைச் சுற்றி வெட்டிவிடுங்கள். வேலியோரம் வண்டி போகும் அகலத்துக்குச் சுரண்டி வையுங்கள். தண்ணீர் லாரி உள்ளே வந்து திரும்ப இடம் விடுங்கள். கேட் அகலத்தையும் அளந்து பாருங்கள். கேட் பற்றாமல் லாரி வெளியே நின்ற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தீத் தடை அறிவித்த நாளில் புல்வெட்டியைத் தொடவே கூடாது. கத்தி கல்லில் பட்டால் பொறி பறக்கும். நீங்களே தீயை வைத்தவராகிவிடுவீர்கள். தீ அபாய அளவில் உச்சப்படியான கேட்டஸ்ட்ரோஃபிக் என்று அறிவித்தால் காலையிலேயே குடும்பத்தோடு ஊருக்குள் போய்விடுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: எரிகிற கட்டைமேல் மண்ணைத் தள்ளி மூடினால் அணைந்துவிடாதா?

புதிதாக வரும் ஓட்டுநர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது. நானும் செய்தேன். மண்ணுக்குள் போன கட்டை அணைவதில்லை, கரிமூட்டம் போட்டது போல உள்ளே கனன்றுகொண்டிருக்கும். சுத்தமாக மூடிவிட்டேன் என்று பெருமையாக வந்த இடத்தை ஒன்பதாம் நாள் பொக்லைன் வைத்துத் திறந்தார்கள். உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. வேர் இன்னும் மோசம்: கோட்டுக்கு அடியிலேயே எரிந்துபோய் மறுபக்கம் ஒரு சின்னப் புகைநூலாகத் தலைகாட்டும். மூடாதீர்கள், பிரித்துப் போடுங்கள், தண்ணீர் விடுங்கள். கையுறையைக் கழற்றிப் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பாருங்கள்.

மேற்கு ஆஸ்திரேலியா, கோதுமைப் பண்ணையில் வேலை செய்பவர்: டோசர் ஓர் ஆமை. ரோட்டைச் சமன் செய்யும் கிரேடர்தான் ராஜா. நீங்கள் ஒரு நாள் முழுக்கப் போடும் கோட்டை நான் ஒரு மணி நேரத்தில் போடுவேன்.

உங்கள் வயலில் போடுவீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ரோட்டில் கிரேடர் தானாகவே மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடிவரும். என்னை டிரெய்லரில் ஏற்றிக் கட்டி இறக்குவதற்குள் உங்கள் வேலை பாதி முடிந்திருக்கும். ஆனால் கிரேடரின் பிளேடு வண்டிக்கு நடுவில், முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது. காட்டில் கட்டையை முதலில் சந்திப்பது உங்கள் டயர்.

அதே அன்பர்: எங்கள் பக்கமும் மல்லீ புதர்க்காடு உண்டு. அங்கேயும் கிரேடர் போகிறதே!

போகும், ஏற்கெனவே பாதை இருந்தால். மல்லீ எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்: ஒரே வேர்க்கட்டியிலிருந்து ஏழெட்டுத் தண்டு. முறிந்த தண்டு ஈட்டி மாதிரி நிற்கும். அதில் டயர் என்ன ஆகும்? மல்லீயைச் சாய்க்க இரண்டு டோசர்களுக்கு நடுவே கனத்த சங்கிலி கட்டி இழுப்பது ஏன் என்று உங்கள் முதலாளியைக் கேளுங்கள்.

கான்பரா வாசகர்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். லோடர்?

பைன் தோப்பில் சரி. சண்டையில் மூன்றாவது ஆள் வேண்டாம்.

மீண்டும் கோதுமைக்காரர்: வேகத்துக்குப் பதில் சொல்லவில்லையே. புல் தீயை ஆமை பிடிக்குமா?

பிடிக்காது. நீங்களும் பிடிக்க மாட்டீர்கள். புல் தீ மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும். பிளேடை மண்ணில் இறக்கிய பிறகு கிரேடரும் அந்த ஓட்டம் ஓடாது. ஆகவே நீங்களும் நானும் விலாவில்தான் நிற்க வேண்டும். தலைக்கு முன்னால் போகாதீர்கள், ராஜாவாக இருந்தாலும்.

மதுரை வாசகர்: ஐம்பது அடி அகலம் போட்டால்?

சென்னை நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

யாழ்ப்பாண வாசகர்: காற்றுத் திசை மாறினால் உங்கள் கோடு என்ன ஆகும்?

நல்ல கேள்வி, ஐயா. இந்த வேலையில் ஆளைக் கொல்வது அதுதான். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் கொளுத்தும் நாளில் வடமேற்கிலிருந்து அனல் காற்று அடிக்கும். தீ மெல்லிய நீளமான நாக்காக ஓடும். மாலையில் தென்மேற்கிலிருந்து குளிர்காற்று திரும்பும். ஊரில் எல்லோரும் அப்பாடா என்பார்கள். ஆனால் அந்த நேரத்தில்தான் கிழக்கு விலா முழுவதும் ஒரே அடியில் தலையாகிவிடும். 1998 டிசம்பர் 2, லிண்டன் தீயில் இப்படித்தான் காற்று மாறி, ஒரு லாரியில் இருந்த ஐந்து தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். அந்த ஊர் என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. அதனால்தான் கருகிய தரை பத்தடியில் இருக்கும்படி வேலை செய் என்கிறோம். எரிந்தது மறுபடி எரியாது. காற்று மாறும் நேரத்தை வானிலை மையம் சொல்லிவிடும். அதற்கு முன்பே வண்டியைக் கருகிய பக்கம் ஏற்றிவிட வேண்டும்.

தேனி வாசகர்: 2018 குரங்கணித் தீயின்போது ஜேசிபி இருந்திருந்தால் மலையேறிகளைக் காப்பாற்றியிருக்கலாமா?

முடியாது. அது செங்குத்தான புல் சரிவு. டோசர் அங்கே குறுக்கே போனால் உருளும். ஜேசிபி ஏறவே ஏறாது. தீ மேட்டில் ஏறும்போது, சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் வேகம் சுமார் இரண்டு மடங்காகும் என்பது கணக்கு. அங்கே வேண்டியது கோடைக்கு முன் செதுக்கிய கோடும், மார்ச் மாதத்தில் யாரையும் ஏறவிடாமல் பூட்டிய பாதையும்.

சிங்கப்பூர் வாசகர்: ஹெலிகாப்டர் இருக்கும்போது டோசர் எதற்கு?

ஹெலிகாப்டர் ஊற்றிய தண்ணீர் காய்ந்துவிடும். மண் காயாது.

ஓசூர் வாசகர்: வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா? சம்பளம்?

விசா விஷயம் எனக்குத் தெரியாது, முகவரைக் கேளுங்கள்.

ஈரோடு வாசகர்: உங்கள் வண்டியே தீப்பிடிக்காதா?

பிடித்தது. வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஒரு தகடு உண்டு. இலையும் பட்டையும் அதற்குள் நுழைந்து, கசியும் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். ஒரு ராத்திரி ஷிஃப்டில், தீயிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி நின்று டீ குடிக்கும்போது காலடியிலிருந்து புகை வந்தது. தீயணைப்பான் ஒன்று காலியாகி, இரண்டாவதில் அடங்கியது. அதிலிருந்து ஒவ்வொரு ஷிஃப்டிலும் தகட்டைத் திறந்து கையால் வாருகிறேன். ரேடியேட்டரையும் காற்று வைத்து ஊதுகிறேன், சாம்பல் அடைத்தால் இன்ஜின் கொதித்துவிடும்.

ஆனால் எனக்கு அதைவிடப் பயம் மரம்தான். அடி எரிந்த மரம் சத்தமே இல்லாமல் சாயும். டோசர் அதிர்வே போதும். இறங்கி நடப்பவர்கள் மேலே பாருங்கள். மறுபடி சொல்கிறேன், மேலே பாருங்கள்.

பெங்களூர் வாசகர்: தீ முடிந்த பிறகு அந்தக் கோடு அப்படியே கிடக்குமா?

கிடந்தால் முதல் மழையில் ஓடையாகிவிடும். ஒதுக்கிய மண்ணையும் குப்பையையும் திரும்ப இழுத்துப் பரப்பி, சரிவில் குறுக்கு வரப்பு போட்டுத் தண்ணீரைப் பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். போட்ட நேரத்தைவிட இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்; டிவிக்காரர்கள் ஒருவரும் வர மாட்டார்கள். வேறு காட்டுக்குப் போகும்முன் டோசரின் சங்கிலிப் பட்டையில் ஒட்டிய மண்ணைக் கழுவ வேண்டும். வேரழுகல் நோயும் களை விதையும் அதில்தான் ஊர் மாறுகின்றன.

துபாய் வாசகர்: நூறு அடி?

வேலைக்கு நேரமாகிவிட்டது. கோதுமைக்காரரே, அறுவடை முடிந்து இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். கிரேடரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.