மோட்டாரை நிறுத்தினாலும் வாஷிங் மெஷின் ஓடினாலும் குழாய் ‘டம்’ என்று அதிர்கிறது. எல்லாப் பைப்பையும் மாற்றத்தான் வேண்டுமா?

தண்டையார்பேட்டையில் இரண்டு மாடி வீடு, படிக்கட்டுக்கு அடியில் சம்ப்பும் மோட்டாரும், மொட்டை மாடியில் டேங்க் என்று எழுதியிருக்கிறீர்கள். மோட்டாரை நிறுத்தியதும் பக்கத்து வீடு வரை கேட்கும்படி ஒரு பெரிய ‘டம்’. வாஷிங் மெஷின் தண்ணீர் எடுத்து முடிக்கும்போதெல்லாம் சிறிய ‘டம்’. பழைய ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) முழுவதும் எடுத்துவிட்டு சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய் போட வேண்டும் என்று பிளம்பர் சொல்கிறார். அந்தச் செலவில் இறங்குவதற்கு முன், இவை இரண்டும் இரண்டு வேறு இடங்களில் பிறக்கும் சத்தங்கள் என்பதைக் கவனியுங்கள். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஏறக்குறைய இதே அமைப்புள்ள வீட்டில் வசிப்பவன்; என் அனுபவத்தில், அதிரும் பைப்பைப் பார்ப்பதைவிட, ஓடிய தண்ணீரைச் சட்டென்று நிறுத்தியது எது என்று தேடுவதுதான் பலன் தரும்.

குழாய்க்குள் ஓடும் தண்ணீர் திடீரென்று தடுக்கப்பட்டால் அதன் வேகம் முழுவதும் அழுத்தமாக மாறி, அலையாகக் குழாயில் முன்னும் பின்னும் ஓடுகிறது. இதன் கணக்கை மாஸ்கோ குடிநீர்க் குழாய்களில் சோதித்து 1898இல் வெளியிட்டவர் ரஷ்ய அறிஞர் நிக்கொலாய் ஷுக்கோவ்ஸ்கி. அந்தக் கணக்கின்படி, நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் ஒரே கணத்தில் நின்றால், இரும்புக் குழாயில் ஏறக்குறைய 13 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு), சிபிவிசி குழாயில் ஏறக்குறைய 5 பார் அழுத்தம் கூடுதலாக எழும். 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் டேங்க் தரைத்தளக் குழாய்க்குத் தருவது வெறும் 1 பார் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த அடியின் பலம் புரியும். 15 லிட்டர் வாளி ஒன்றரை நிமிடத்தில் நிறைகிறது என்றாலே அரை அங்குலக் குழாயில் தண்ணீர் ஏறக்குறைய நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில்தான் வருகிறது.

ஆனால் ‘ஒரே கணத்தில்’ என்பதுதான் இதில் முக்கியம். 10 மீட்டர் நீள இரும்புக் குழாயில் அழுத்த அலை போய்த் திரும்ப ஆகும் நேரம் நொடியில் நூற்றில் ஒன்றரைப் பங்கு. அதைவிட மெதுவாக மூடினால் அடியின் பலம் வேகமாகக் குறைந்துவிடும். எவ்வளவு அவசரமாகத் திருப்பினாலும் மனிதக் கை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆகவே, கால் சுற்றில் மூடும் புதிய குழாய்களைத்தான் எல்லாரும் குறை சொன்னாலும், டேங்கிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரில் அவற்றின் பங்கு சிறிது என்பதே என் கருத்து. பிரஷர் பம்பு வைத்த வீடுகளில் நிலைமை வேறு. உங்கள் வீட்டில் தண்ணீரை உண்மையிலேயே சட்டென்று நிறுத்துபவை மோட்டார் லைனில் உள்ள வால்வும், வாஷிங் மெஷினுக்குள் மின்சாரத்தால் மூடும் சோலனாய்டு வால்வும்தான்.

பெரிய சத்தத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மோட்டார் நின்ற பிறகும் மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் ஒரு கணம் ஏறி, நின்று, கீழ்நோக்கித் திரும்புகிறது. சம்ப்புக்குள் உறிஞ்சு குழாயின் அடி முனையில் இருக்கும் ஃபுட் வால்வின் நாக்கு, அல்லது லைனில் உள்ள, தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் பழைய கதவு மாதிரியான நான்ரிட்டர்ன் வால்வு, தண்ணீர் திரும்பத் தொடங்கிய பிறகுதான் மூடுகிறது. கீழே இறங்கும் தண்ணீர் முழுவதும் மூடிய அந்த நாக்கில் வந்து மோதுகிறது. நம் பக்கம் கடலை ஒட்டியிருப்பதால் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அந்தத் தண்ணீரும் சம்ப்பில் கலந்தால், உப்பும் துருவும் படிந்து நாக்கு விறைத்து, இன்னும் தாமதமாக மூடும். இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். மோட்டாருக்கு மேலே டேங்குக்கு ஏறும் டெலிவரி லைனில் கேட் வால்வு (கையால் திருகி மூடும் வால்வு) இருந்தால், அதை மெல்ல முழுவதும் மூடிவிட்டு, உடனே மோட்டாரை நிறுத்துங்கள். சில நொடிகள்தான் என்பதால் மோட்டாரும் பம்பும் ஒன்றாக உள்ள சாதாரண மோனோபிளாக் மோட்டாருக்கு இதனால் கெடுதல் இல்லை. சத்தம் வரவில்லை என்றால் குற்றவாளி அந்த நாக்குதான்.

இதற்குத் தீர்வு, ஸ்பிரிங் வைத்த நான்ரிட்டர்ன் வால்வு ஒன்றை, டெலிவரி பைப்பின் அதே அளவில், மோட்டாருக்குச் சற்று மேலே செங்குத்தான பகுதியில் பொருத்துவதாகும். தண்ணீரின் வேகம் குறையும்போதே ஸ்பிரிங் தள்ளி மூடிவிடுவதால், திரும்பி வந்து மோதத் தண்ணீருக்கு இடமிருக்காது. அம்புக்குறி மேல்நோக்கி இருக்கிறதா என்று பொருத்தும்போது நீங்களே நின்று பாருங்கள். பக்கத்தில் ஒரு யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) போடச் சொல்லுங்கள். அழுக்கு சேர்ந்தால் பைப்பை அறுக்காமல் கழற்றலாம். ஃபுட் வால்வை எடுத்துவிடக் கூடாது. மோட்டாரில் தண்ணீர் நிற்பது அதனால்தான்.

வாஷிங் மெஷினுக்கு வேலை இன்னும் எளிது. அதன் குழாயை முழுவதும் திறந்து வைக்காமல், பாதிக்கு மேல் மூடிவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள். வேகம் பாதியானால் அடியும் பாதியாகும். மெஷின் நிறையச் சற்று நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். மிகவும் குறைத்துவிட்டால் தண்ணீர் வரவில்லை என்று மெஷினே நின்றுவிடும். அதற்கும் சத்தம் அடங்காவிட்டால், குழாய்க்கும் ஹோஸுக்கும் நடுவில் திருகிப் பொருத்தும் வாட்டர் ஹேமர் அரெஸ்டர் கிடைக்கிறது. அதற்குள் அடைத்து வைத்த காற்றும் பிஸ்டனும் அடியை வாங்கிக்கொள்கின்றன. வால்வுக்கு அருகில் இருந்தால்தான் அதற்குப் பயன் உண்டு; மாடியில் டேங்குக்குப் பக்கத்தில் போட்டால் பணம் வீண். இதற்குப் பதிலாகக் குழாயில் ‘T’ வடிவ இணைப்பு போட்டு, மூடிய பைப் துண்டு ஒன்றை நிமிர்த்தி வைக்கும் பழைய முறையும் வேலை செய்யும். ஆனால் உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து, துண்டு முழுவதும் தண்ணீராகிவிடும். அப்போது டேங்க் வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து லைனை வடித்தால் மீண்டும் காற்று புகும். டேங்க் கழுவும் நாளில் இதையும் சேர்த்துச் செய்துவிடலாம்.

கிளாம்ப் தளர்ந்து பைப் சுவரில் மோதினால் சிறிய அடியும் பெரிதாகக் கேட்கும். தளர்ந்த இடங்களில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கிளாம்ப்பை இறுக்குங்கள். சிபிவிசி என்றால் மூன்றடிக்கு ஒரு கிளாம்ப் வேண்டும். வெந்நீர் லைனில் பைப் நீளுவதற்கு இடம் விட்டு, நெரிக்காமல் பிடிக்க வேண்டும்.

மெட்ரோ வாட்டர் வரும் இரவு நேரத்தில் சம்ப்பிலிருந்து ‘டகடக’ என்று விடாமல் கேட்டால் அது வேறு விஷயம்: தண்ணீர் விழும் அலையில் மிதவை ஆடி, அதோடு இணைந்த வரத்து வால்வு திறந்து திறந்து மூடுகிறது. மிதவையின் கம்பியில் ஒரு தட்டைக் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் ஆட்டம் குறையும். வரத்துக் குழாயைத் தண்ணீருக்குள் மூழ்கும்படி நீட்டிவிடாதீர்கள். தெருக் குழாயில் அழுத்தம் குறையும்போது சம்ப்புத் தண்ணீர் அதற்குள் திரும்பிப் போகும்.

இனி பிளம்பர் சொன்னதற்கு வருகிறேன். சிபிவிசியில் அடியின் பலம் குறையும் என்பது உண்மை. ஆனால் அடியை உண்டாக்கும் வால்வு அப்படியே இருந்தால் சத்தம் முழுவதும் போகாது, பசை போட்டு ஒட்டிய மூட்டுகள் நாளடைவில் அந்த அடியை வாங்கிக் கசியவும் தொடங்கலாம். குழாயில் துரு நிறத் தண்ணீர் வந்தாலோ, வரத்து மிகவும் ஒடுங்கியிருந்தாலோ, ஜிஐ பைப்பை அந்தக் காரணத்துக்காக மாற்றுங்கள். அப்படியே மாற்றினாலும், மோட்டார் லைனில் ஸ்பிரிங் வால்வை முதலில் போட்டுச் சில நாள் பார்த்துவிட்டு, மற்ற வேலையைப் பேசுங்கள்.