எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது?

(புதுச்சேரியில் கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியை, வாசகர்களின் படிப்பு பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கணக்கு என்றால் உயிர், வரலாறும் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்க, பல துறைகளைக் கலந்து படிக்கவிடும் அமெரிக்காவின் சிறிய 'லிபரல் ஆர்ட்ஸ்' கல்லூரிகள்தான் சரி என்று அவளே தேடி ஆம்ஹர்ஸ்ட், கார்ல்டன், கிரின்னல், மெக்காலஸ்டர் என நான்கு பெயர்களை எழுதி வைத்திருக்கிறாள். சென்னையில் இருக்கும் என் தம்பி, "ரேங்கில் மேலே இருப்பதற்குப் போடுக்கா, போதும்" என்கிறான். எங்களால் வருடத்துக்கு 12 லட்சம் வரை முடியும். எப்படி ஒப்பிடுவது?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: 12 லட்சம் என்று வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி அம்மா. பலர் அதை மட்டும் மறைத்துவிட்டு யோசனை கேட்பார்கள். அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

இந்தக் கல்லூரிகளில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 80,000 டாலரைத் தாண்டும். நம் பணத்தில் 65 லட்சத்துக்குக் குறையாது. அதனால் கல்லூரியே உதவித்தொகை கொடுத்தால்தான் உண்டு. நான்குமே, ஒரு மாணவரைச் சேர்த்துக்கொண்டால் குடும்பத்தால் முடியாத மீதியைத் தாங்கள் ஈடுகட்டுவதாகச் சொல்பவை. வித்தியாசம் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்கிறாரா என்பதைப் பார்க்காமலே ஆம்ஹர்ஸ்ட் முடிவெடுக்கிறது. மற்ற மூன்றும் அதையும் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. இதைக் கேட்டதும் ஆம்ஹர்ஸ்ட் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். அங்கே விண்ணப்பிக்கும் நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. இன்னொன்று: உங்களால் எவ்வளவு முடியும் என்று கணக்குப் போடுவது அவர்கள். சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தில் வருமானம், வீடு, சேமிப்பு எல்லாம் கேட்பார்கள். 12 என்று நீங்கள் சொல்வது அவர்கள் கணக்கில் 18 ஆக வரலாம். கல்லூரிகளின் இணையப் பக்கத்தில் இருக்கும் கட்டணக் கால்குலேட்டர் பெரும்பாலும் அமெரிக்கக் குடும்பங்களுக்கானது. அதனால் எவ்வளவு உதவி கிடைக்கும் என்று கேட்டு அட்மிஷன் அலுவலகத்துக்கு மகளையே மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. 'காமன் டேட்டா செட்' என்று ஓர் ஆவணத்தைப் பல கல்லூரிகள் வருடாவருடம் வெளியிடுகின்றன. அதில் எச் பகுதியின் ஆறாவது கேள்வியைப் பாருங்கள். வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு உதவி கொடுத்தார்கள், சராசரியாக எவ்வளவு டாலர் என்று அங்கே இருக்கும். பி பகுதியில் மொத்த வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை இருக்கும். அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விளம்பரப் புத்தகத்தில் சொல்லாத விஷயம் தெரிந்துவிடும்.

சரி, பணக் கணக்கு முடிந்தது. இனி பாடம். நான் கணக்கு வாத்தியார் என்பதால் இதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஏறக்குறைய இரண்டாயிரம் மாணவர்களே இருக்கும் இடத்தில் உங்கள் மகளுக்குக் கல்லூரி என்பது அவள் படிக்கும் துறைதான். நம் ஊர் ஓட்டலில் பலகை நிறைய அயிட்டம் எழுதியிருக்கும், உட்கார்ந்து கேட்டால் இட்லியும் பொங்கலும்தான் இருக்கும். பாடத்திட்டப் புத்தகமும் அப்படித்தான். அதை மூடிவிட்டு, கடந்த இரண்டு வருடங்களின் பருவ அட்டவணையைத் திறக்கச் சொல்லுங்கள். ரியல் அனாலிசிஸ், அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா போன்ற உயர்கணிதப் பாடங்கள் வருடந்தோறும் நடக்கின்றனவா, ஒரு வருடம் விட்டு ஒரு வருடமா? டோபாலஜி கடைசியாக எப்போது நடந்தது? துறையில் நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர், அதில் யார் அடுத்த வருடம் ஆராய்ச்சி விடுப்பில் போகிறார்? சின்னத் துறையில் ஒருவர் விடுப்பு எடுத்தாலே ஒரு பாடம் காணாமல் போகும். வரலாற்றுக்கும் இதையே செய்யலாம். ஆசியா பற்றிப் பாடம் எடுக்க ஆள் இருக்கிறாரா என்பதையும் பார்க்கட்டும்.

அந்தக் குறையை அக்கம்பக்கக் கல்லூரி தீர்க்குமா என்பது அடுத்த கேள்வி. ஆம்ஹர்ஸ்ட் மாணவி பஸ் ஏறி மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்திலோ ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் கல்லூரிகளிலோ பாடம் படிக்கலாம். அயோவாவில் இருக்கும் கிரின்னலுக்கு அந்த வசதி கிடையாது. பக்கத்துப் பெரிய ஊரான டி மொய்னுக்கே காரில் ஒரு மணி நேரம். ஆனால் கிரின்னலில் முதல் பருவத்தில் ஒரு கருத்தரங்கு வகுப்பைத் தவிர எல்லாருக்கும் பொதுவான கட்டாயப் பாடம் இல்லை. கணக்கையும் வரலாற்றையும் கலக்க நினைப்பவளுக்கு இது பெரிய சௌகரியம். ஆம்ஹர்ஸ்டும் ஏறக்குறைய இதே மாதிரிதான். கார்ல்டனில் வருடத்துக்கு மூன்று பருவம், ஒவ்வொன்றும் பத்தே வாரம். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் பத்தில் ஒரு பங்கு போச்சு. மெக்காலஸ்டர் செயின்ட் பால் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. இவை இரண்டும் மினசோட்டாவில். அங்கே ஜனவரியில் மைனஸ் இருபது சாதாரணம். கடலூரில் மார்கழிக்கே மப்ளர் கட்டுபவர்கள் நாம்!

உங்கள் தம்பியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சொல்லும் ரேங்க், யு.எஸ். நியூஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை போடும் பட்டியலாக இருக்கும். அதில் மற்றக் கல்லூரிகளின் தலைவர்கள், டீன்கள் போடும் மதிப்பெண்ணும் சேர்கிறது. உங்கள் மகளுக்கு டோபாலஜி கிடைக்குமா என்பதை அந்த மதிப்பெண் சொல்லாது. போர்ட்லாண்டில் உள்ள ரீட் கல்லூரி 1995-இலேயே அந்தப் பத்திரிகைக்கு விவரம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பட்டம் வாங்க அங்கே ஒவ்வொருவரும் கடைசி வருடத்தில் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். மகளிடம் அந்தப் பெயரையும் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: கன்சல்டன்சியில் பதினைந்து கல்லூரிகளுக்குப் போடச் சொல்கிறார்கள். 'எர்லி டிசிஷன்' போட்டால் வாய்ப்பு அதிகமாமே?
- மாணவர், முத்தியால்பேட்டை

பதில்: பதினைந்துக்கும் தனித்தனிக் கட்டுரை எழுதுவது யார் தம்பி, நீயா கன்சல்டன்சியா? ஏழெட்டு போதும். எர்லி டிசிஷன் என்றால் இடம் கிடைத்தால் அங்கேதான் சேருவேன் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போடுவது. மற்ற இடங்களின் உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. வீட்டில் பணம் ஒரு பிரச்சினை என்றால், கல்லூரி உத்தேசமாக எவ்வளவு தரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அதில் இறங்காதே. அப்புறம், சிபாரிசுக் கடிதம் எழுதும் ஆசிரியரை இப்போதே போய்ப் பார். "நல்ல பையன், ஒழுக்கமானவன்" என்ற இரண்டு வரிக் கடிதம் அங்கே எடுபடாது. நீ வகுப்பில் கேட்ட கேள்வி, செய்த வேலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடு, அவருக்கும் எளிது.

கேள்வி: இந்த மாதிரி லிபரல் ஆர்ட்ஸ் படிப்பு இந்தியாவில் கிடையாதா?
- வாசகர், வில்லியனூர்

பதில்: இருக்கிறதே. சோனிபத்தில் அசோகா, பெங்களூரில் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், நமக்குக் கிட்டத்தில் ஆந்திர எல்லை தாண்டியதும் ஸ்ரீசிட்டியில் கிரியா. மேலே சொன்ன அட்டவணைச் சோதனையை இவற்றுக்கும் செய்யுங்கள். இங்கே கூடுதல் வசதி, நேரிலேயே போய்ப் பார்க்கலாம். போகிற அன்று வகுப்பு நடக்கிறதா என்று முதலில் போன் செய்து கேளுங்கள். விடுமுறையில் போனால் கட்டடத்தை மட்டும்தான் காட்டுவார்கள்.