டாங்கோவும் பஜனைக் கோயிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வெளிநாட்டில் இருந்தபோது அர்ஜென்டினா டாங்கோ என்ற ஜோடி நடனத்தைக் கற்றுக்கொண்டேன். திரும்பி வந்தபின் நண்பர்களோடு சேர்ந்து பெசன்ட் நகரில் ஒரு சின்ன ஹாலை வாடகைக்கு எடுத்து ஞாயிறு மாலைகளில் ஆடுகிறோம். பதினைந்து பேர் இருந்தோம், இப்போது எட்டுப் பேர். வீட்டில் ‘இது நம்ம கலாச்சாரமா’ என்கிறார்கள். புதிதாக வருபவர்களால் எங்கள் ஆட்டத்தின் தரம் குறைகிறது. சில ஆண்கள் வேறு எண்ணத்தோடும் வருகிறார்கள். அதனால் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, நாங்கள் எட்டுப் பேரும் நன்றாகப் பயிற்சி எடுத்து டிசம்பரில் ஒரு மேடை நிகழ்ச்சி நடத்தலாம் என்று இருக்கிறோம். அதைப் பார்த்து ஒரு பெரிய குழு உருவாகும் என்று நம்புகிறோம். இது சரியான வழியா? ஸ்பானிஷ் கற்பது அவசியமா?

சு.

அன்புள்ள சு.,

இந்த நகரத்தில் ஒரு மனிதன் மாலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் ஒன்று எதையாவது வாங்க வேண்டும், இல்லாவிட்டால் எதையாவது வேடிக்கை பார்க்க வேண்டும். மற்றவர்களோடு சேர்ந்து எதையாவது செய்வதற்கு இடமே இல்லை. கொஞ்ச நாட்களாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அப்படி ஓர் இடத்தைத் தொடங்கியிருக்கிறீர்கள். அதை நீங்களே இழுத்து மூடப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

கலாச்சாரக் கேள்வியில் நேரத்தை வீணாக்காதீர்கள். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினை எடுத்து வாசித்தபோது அதுவும் வெள்ளைக்காரன் வாத்தியம்தான். ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-ல் தடை செய்தது, 1971 வரை அது உள்ளே வரவில்லை. அந்த ஆண்டுகள் முழுக்க நம் நாடக மேடையும் பஜனையும் அதை வைத்துத்தான் பாடின. டாங்கோவின் உயிர் என்று சொல்லப்படும் பந்தோனியோன் என்ற துருத்தி வாத்தியமும் அர்ஜென்டினாவில் பிறந்ததல்ல, ஜெர்மனியிலிருந்து கப்பலேறிப் போனது. வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது ‘புதியவர்களால் தரம் குறைகிறது’ என்ற வரியில். டாங்கோ யாருடைய ஆட்டம் என்று யோசித்தீர்களா? 1914-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அர்ஜென்டினாவின் தலைநகரான பியூனஸ் அயர்ஸ் நகரத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், ஒரே வீட்டில் அறைக்கு ஒரு குடும்பமாக நெருக்கியடித்து வாழ்ந்தவர்கள். அதற்கு முன்பே அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளம் இருந்தது. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாத ஊரில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்தது இந்த ஆட்டம். முழுக்க முழுக்கப் புதியவர்களின் கலை அது. அதை வைத்துக்கொண்டு நீங்கள் புதியவர்களுக்குக் கதவைச் சாத்துகிறீர்கள்!

அயனாவரத்தில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பஜனைக் கோயில் இருந்தது. சனிக்கிழமை சாயந்திரம் பஜனை. என் சித்தப்பா ஹார்மோனியம் வாசிப்பார். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர்கள், ஒரு தையல்காரர், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர், பின்னி மில் தொழிலாளி ஒருவர் என்று பலரும் வருவார்கள். மில்காரருக்குச் சுருதி சேரவே சேராது. ஆனால் அவருக்கென்று ஒரு பாட்டு உண்டு, வாராவாரம் அதை அவர்தான் எடுப்பார். ஒரு வரி அவர் பாட, எல்லோரும் திருப்பிப் பாடுவார்கள். நாற்பது குரல்கள் சேரும்போது அவருடைய சுருதி எங்கே போனது என்றே தெரியாது. பாட்டே தெரியாதவனும் திருப்பிப் பாடலாம் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் அறிவு. என் கையில் ஜால்ராவைக் கொடுத்து, தப்பாகத் தட்டினால் தொடையில் மெதுவாகத் தட்டித் திருத்தியவரும் அந்த மில்காரர்தான். ஜமுக்காளம் விரிப்பது யார், சுண்டல் யார் வீட்டிலிருந்து வரும் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலேயே நடக்கும். ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால் மூன்றாவது வாரம் அவர் வீட்டுக்கு ஆள் போகும்.

பிறகு சிலருக்குத் தரம் பற்றிய கவலை வந்தது. ஒரு சின்ன மேடை போட்டார்கள், மைக் செட் வந்தது, வெளியிலிருந்து நல்ல பாடகர்களைக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் கீழே உட்கார்ந்து கேட்கலாம் என்று ஏற்பாடு. முதல் வருடம் நல்ல கூட்டம். பாட்டும் நன்றாகவே இருந்தது, அதை மறுக்க மாட்டேன். மில்காரர் கொஞ்ச நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், அப்புறம் வரவில்லை. கேட்கத்தானே போகிறோம், வீட்டிலேயே கேட்கலாமே என்று ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். கடைசியில் பஜனையே நின்றுபோனது. அவர் ஏன் வரவில்லை என்று விசாரிக்க யாரும் போகவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

சென்னை எந்தக் கலையைத் தொட்டாலும் உடனே ஒரு மேடை கட்டி, எதிரே நாற்காலி போட்டுவிடுகிறது. மியூசிக் அகாடமி 1928-லிருந்து செய்திருக்கும் வேலை பெரியது, சபாக்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சீசனுக்குச் சீசன் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பெயர்கூடத் தெரியாமல் எழுந்து போகிறவர்களை எனக்குத் தெரியும். சபாவில் மனிதர்கள் பேசிக்கொள்வது கேண்டீனில்தான். எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து உட்காரும் இடத்தில் அதுதான் நடக்கும்.

மிலோங்கா என்று சொல்லும் டாங்கோ ஆட்டக் கூடலில் அந்தத் திசையே கிடையாது. எல்லோரும் வட்டமாக, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாக நகர்கிறார்கள். கைதேர்ந்தவரும் நேற்று வந்தவரும் அதே வட்டத்தில்தான். மூன்று அல்லது நான்கு பாட்டுகள் சேர்ந்தது ஒரு தாண்டா. அது முடிந்ததும் வேறு ஏதோ இசை கொஞ்ச நேரம் ஒலிக்கும், தரை காலியாகும், ஜோடி மாறும். முன்பின் தெரியாத ஒருவரோடு பத்துப் பன்னிரண்டு நிமிடம். அவ்வளவு நேரம் இன்னொரு மனிதரின் மூச்சையும் எடையையும் கவனிப்பதற்கு இந்த ஊரில் வேறு எங்கே வாய்ப்பு இருக்கிறது? 1935 முதல் 1955 வரையான டாங்கோவின் பொற்காலத்தில், தரியென்சோ, த்ரோய்லோ, புக்லியேசே என்ற இசைக்குழுத் தலைவர்கள் வாசித்த காலத்தில், மக்கள் ஆடியது பேட்டைக்குப் பேட்டை இருந்த விளையாட்டு மன்றங்களில். பியூனஸ் அயர்ஸின் வில்லா உர்கிசா பேட்டையில் உள்ள சண்டர்லேண்ட் மன்றத்தில் ஆடுகிற தரை ஒரு கூடைப்பந்து மைதானம். புக்லியேசே தன் இசைக்குழுவையே கூட்டுறவாக நடத்தினார். கம்யூனிஸ்ட் என்பதற்காக அவரைச் சிறையில் வைத்தபோது, அவர் இல்லாமலேயே குழு வாசித்தது. பியானோ மேல் ஒரு சிவப்புக் கார்னேஷன் மலரை வைத்துவிட்டு வாசித்தார்கள். குழு என்றால் அது.

உலகம் முழுக்க டாங்கோ திரும்பி வந்ததே மேடையால்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 1983-ல் பாரிஸிலும் 1985-ல் நியூயார்க்கின் பிராட்வேயிலும் நடந்த ‘டாங்கோ அர்ஜென்டினோ’ என்ற மேடை நிகழ்ச்சி அதைச் செய்தது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஆசையோடு பியூனஸ் அயர்ஸுக்குப் போனவர்களுக்குக் கற்றுக்கொடுக்க, அங்கே தரையில் ஆடிக்கொண்டிருந்த முதியவர்கள் இருந்தார்கள். உங்கள் டிசம்பர் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு ஒரு பெண் வேளச்சேரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்தால் அவளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? ‘தரம் குறைகிறது’ என்று சொன்ன நீங்களா?

தவறான எண்ணத்தோடு வரும் ஆண்கள் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் நியாயமானது, அதை ஒருநாளும் சகித்துக்கொள்ளாதீர்கள். அதற்கும் மிலோங்காவிலேயே வழி இருக்கிறது. தூரத்திலிருந்து கண்ணைப் பார்த்து, தலையசைத்துத்தான் ஆட அழைக்க வேண்டும். விருப்பமில்லாத பெண் கண்ணைத் திருப்பிக்கொண்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் சரியாகப் படாவிட்டால் நன்றி சொல்லி விலகிவிடலாம், தாண்டா அங்கேயே முடிந்தது. முதல் நாளே இதைப் புதியவர்களுக்குச் சொல்லுங்கள். மீறுகிறவனை வெளியே அனுப்புங்கள். ஒருவனுக்காக ஊருக்கே கதவைச் சாத்தாதீர்கள்.

நின்றுபோன அந்த ஏழு பேரையும் நீங்களே போனில் கூப்பிடுங்கள், வாட்ஸப் குழுவில் செய்தி போட்டால் போதாது. உங்களில் நன்றாக ஆடுபவர்கள் ஒவ்வொருவரும் வாரம் ஒரு தாண்டாவாவது புதிதாக வந்தவரோடு ஆடட்டும். ஹால் சாவி, தேநீர், நாற்காலி எல்லாம் உங்கள் ஒருவர் தலையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன், அவற்றையும் பிரித்துக் கொடுங்கள். ஸ்பானிஷ் ஆசை இருந்தால் படியுங்கள், அவசரமில்லை. டிசம்பருக்கு அரங்கம் முன்பதிவு செய்திருந்தால் முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பெசன்ட் நகர் ஹாலுக்கு அது சில மாத வாடகையாவது ஆகும்.