கரிமூட்டக்காரருக்கு ஒரு பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். அப்பா காலத்துல இருந்தே சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டு கரி எடுக்குறோம். இத சூப்பர்கெப்பாசிட்டர் கம்பெனிக்கு குடுத்தா பல மடங்கு ரேட்டு, முதல் போடுங்கன்னு ஒருத்தர் வந்து நிக்கிறாரு. நம்பலாமா?
- வாசகர், திருப்புவனம்

பதில்: தம்பி, அவர் சொன்னதுல பாதி நெசம். சூப்பர்கெப்பாசிட்டர்னா பேட்டரி மாதிரி கரண்ட சேத்து வச்சு சட்டுன்னு குடுக்குற சாதனம், அதுக்கு கரிதான் மெயின் சரக்கு. ஆனா மூட்டத்துல அள்ளுன கரிய அப்படியே வாங்க மாட்டாங்க, அதுல ஓட்டை பத்தாது. அத மறுபடி 800, 900 டிகிரி சூட்டுல வச்சு நீராவிய விடணும், நீராவி கரியில கொஞ்சத்த வாயுவாக்கி கொண்டு போயிரும், அரிச்ச எடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையா நிக்கும். அப்படி எடுத்த கரி ஒரு கிராமுக்குள்ள 1,500ல இருந்து 2,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும், நம்ம கணக்குல அரை ஏக்கர் கிட்ட வருது!

சார்ஜ் ஏத்துறப்ப உள்ள ஊத்தி வச்ச திரவத்துல இருக்குற அயனியெல்லாம், அதாவது மின்னூட்டம் உள்ள குட்டித் துகளெல்லாம், அந்த ஓட்டைச் சுவர்ல போய் ஒட்டிக்கிரும், எறக்குறப்ப விட்டு வந்துரும், அவ்ளோதான். ஒரு நானோமீட்டருக்கும் (மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு) சின்ன ஓட்டைக்குள்ள அயனி எங்க போகப் போகுதுன்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தாங்க, 2006ல பாத்தா அயனி தன்னச் சுத்தி ஒட்டியிருக்குற திரவத்த உதறிட்டு உள்ள போயி இன்னும் ஜாஸ்தியா சார்ஜ் வைக்கிது, எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச விஷயமே அதுதான். ரசாயன மாத்தம் இல்லாததால செகண்டுல ஏறுது, லட்சக்கணக்கான தடவ தாங்குது. ஆனா லித்தியம் பேட்டரி கிலோவுக்கு 150 வாட் ஹவருக்கு மேல வைக்கிற எடத்துல இது 5ல இருந்து 10தான். வீட்டு இன்வெர்ட்டருக்கு ஆகாது, பஸ் பிரேக் அடிக்கிறப்ப வர்ற கரண்ட புடிச்சு கெளம்புறப்ப குடுக்குற மாதிரி வேலைக்குத்தான்.

இப்ப உங்க கரிக்கு வருவோம். கம்பெனிக்காரங்க பெரும்பாலும் தேங்காய் சிரட்டைக் கரியத்தான் தேடுறாங்க, அது கெட்டி, சாம்பலும் கம்மி. உங்க மூட்டத்துல மேல மண்ணப் போட்டு மூடுறீங்கல்ல, அந்த மண்ணு கரியோட வந்துரும், அதுல இரும்பு கொஞ்சம் இருந்தாலே ஏத்துன சார்ஜ் சும்மா இருக்கும்போதே கசிஞ்சு போகும். ஆசிட்ல கழுவலாம், ஆனா அது தனிச் செலவு. கருவேலக் கரிய வச்சு ஆராய்ச்சி நடக்குறது உண்மைதான், ஆனா லேப்ல வர்றது வேற, டன் கணக்குல வாங்குறது வேற தம்பி.

முதல் போடுறதுக்கு முன்னாடி காரைக்குடி சிக்ரில கேட்டுப் பாருங்க, பேட்டரி மாதிரி மின்வேதியியல் விஷயத்துக்குன்னே இருக்குற மத்திய ஆராய்ச்சி நிலையம் அது. வந்தவர்கிட்ட சாம்பல் எத்தன சதவீதம் வரைக்கும் எடுப்பீங்க, பரப்பு எவ்வளவு வேணும்னு எழுத்துல கேளுங்க. எழுதித் தரலன்னா ஒத்தப் பைசா குடுக்காதீங்க.